பேட்டரி கார் ஏன் மெதுவாகப் போகிறது? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் மைதானத்துக்காக வந்த வண்டிதான். ஆனால் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் அதை கோல்ஃப் கார்ட் என்று யாரும் சொல்வதில்லை, பேட்டரி கார்தான். நோயாளியை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோவது, கோயிலில் நடக்க முடியாத பெரியவர்களை ஏற்றிப் போவது, கல்லூரி வளாகத்தில் விருந்தினரைச் சுற்றிக் காட்டுவது என்று நாள் முழுக்க ஓடுகிற வண்டி. ஓட்டுநர்களும் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலைச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் 48 வோல்ட், ஆசிட் பேட்டரி வண்டிகளைப் பற்றியது. லித்தியத்துக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

வண்டி நிஜமாவே ஸ்லோ ஆயிடுச்சா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சமதளமான இடத்தில் 100 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு முன்பே வண்டி முழு வேகத்துக்கு வந்துவிட வேண்டும். கோட்டுக்குக் கோடு 18 விநாடி என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர். 24 விநாடி என்றால் 15. 36 விநாடி என்றால் 10 தான்.

புது பேட்டரி போட்ட அன்று ஒரு முறை இதை எடுத்து, சீட்டுக்கு அடியில் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால் பின்னால் வாக்குவாதமே வராது. இந்த வகை வண்டிகளின் சாதாரண வேகம் 20 முதல் 25 கிலோமீட்டருக்குள்தான். பைக் ஓட்டிப் பழகியவருக்கு அது எப்போதும் மெதுவாகத்தான் தெரியும்.

48 வோல்ட் வண்டின்னா, மீட்டர்ல 48 காட்டினா ஃபுல் சார்ஜ்தானே சார்?

இல்லை. அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிற விஷயம் இதுதான். முழு சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் மொத்த வோல்டேஜ் 51-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 48.4 வந்தாலே பாதி காலி. 48 என்றால் பாதிக்கும் கீழே.

தனித்தனியாகப் பார்த்தால் 8 வோல்ட் பேட்டரிக்கு 8.49, 12 வோல்ட்டுக்கு 12.7, 6 வோல்ட்டுக்கு 6.37 என்பது முழு சார்ஜ். சார்ஜரைப் பிடுங்கிய உடனே அளந்தால் இதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம். இரவு சார்ஜ் போட்டு, ஏறி முடிந்து சில மணி நேரம் ஆன பிறகு, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளப்பதுதான் சரி.

காலையில பறக்குது, மத்தியானத்துக்கு மேல மாட்டு வண்டி ஆயிடுது. ஏன்ணே?

காலையிலிருந்தே மெதுவாகப் போகிற வண்டி வேறு, போகப்போகச் சோர்கிற வண்டி வேறு. முதல் வகைக்கு பிரேக், கேபிள், ஆக்சிலரேட்டர், சென்சார் என்று காரணம் பல இருக்கலாம். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. சார்ஜ் முழுசாக ஏறினது மாதிரித்தான் தெரியும். உள்ளே இருப்பு குறைவு என்பதால் நாலு நடை போனதும் வோல்டேஜ் இறங்கும். இறங்க இறங்க மோட்டாரின் வேகமும் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போனால், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரே அதைக் குறைத்துக் கொடுக்கும்.

பாதி சார்ஜில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும். கோடை விடுமுறையில் கல்லூரி வண்டிகள் பலவும் கெடுவது இப்படித்தான். வேலூர் வெயிலும் ஒரு பங்கு. பேட்டரியின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லோரும் சொல்கிற கணக்கு. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடுவதைவிட, மரத்தடியில் நிறுத்தி, வெயில் தாழ்ந்த பிறகு போடலாம்.

நிறுத்தி வெச்சு அளந்தா எல்லா பேட்டரியும் சரியாத்தான் காட்டுது. அப்புறம் ஏன் இழுக்கல?

நின்றபடி அளக்கும்போது பேட்டரியிடம் யாரும் வேலை வாங்கவில்லை. செத்த பேட்டரிகூட அப்போது நல்ல எண்ணிக்கையைக் காட்டும். அதனால் வேலை செய்யும்போது அளக்க வேண்டும். மெதுவாகப் போகிற வண்டிக்கு நான் எப்போதும் முதலில் செய்யச் சொல்வது இந்தச் சோதனைதான். இதை முடிக்காமல் மோட்டார், கன்ட்ரோலர் என்று பேச்சை எடுக்காதீர்கள்.

முழு சார்ஜ் ஏறிய வண்டி, ஆள் பாரம், ஒரு மேடு, இரண்டு பேர் வேண்டும். மல்டிமீட்டரின் ஒயரை நீளமாக எடுத்து, கிளிப் போட்டு முதல் பேட்டரியின் பிளஸ், கடைசி பேட்டரியின் மைனஸ் இரண்டிலும் மாட்டுங்கள். ஒயர் நசுங்காதபடி சீட்டை மூடிவிட்டு, ஒருவர் மேட்டில் ஏற்ற, பக்கத்தில் இருப்பவர் மீட்டரைப் பார்க்கட்டும். எண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 42-க்குக் கீழே போனால் பேட்டரி தாங்கவில்லை என்று பொருள். 48 வோல்ட் என்பது 2 வோல்ட் செல் 24 சேர்ந்தது. செல்லுக்கு 1.75 வோல்ட், அந்தக் கணக்கில் வருவதுதான் இந்த 42.

அடுத்து அதே மேட்டில் ஒவ்வொரு பேட்டரியாக மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு கிளிப்பை மாற்றவும். 8 வோல்ட் பேட்டரி 7-க்குக் கீழே விழுந்தால், அல்லது மற்றவற்றைவிட அரை வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால், வண்டியைப் பின்னால் இழுப்பது அதுதான். 8 வோல்ட் பேட்டரி ஆறும் ஒரே சங்கிலியில் இருப்பதால் ஒன்று விழுந்தாலும் எல்லாவற்றின் உழைப்பும் போச்சு.

மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் சீட்டைத் தூக்க வேண்டும். ஸ்பேனரின் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

ஆறுல ஒண்ணுதான் போச்சுன்னா அதை மட்டும் மாத்தினா போதாதா?

செட் வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் மாற்றலாம். இரண்டு, மூன்று வருடம் ஓடிய செட்டில் ஒரு புதுசைச் சேர்த்தால், புதுசு பழையவற்றின் கதிக்குச் சீக்கிரமே இறங்கிவிடும். பழையவை முழுசாக ஏறாமல், புதுசு அளவுக்கு மேல் ஏறி, சார்ஜிங்கே கோணலாகும். காசு கையில் இல்லை, வண்டி ஓடியே ஆகவேண்டும் என்றால், அதே வயதுள்ள நல்ல பழைய பேட்டரி ஒன்றைக் கடையில் கேட்டுப் போடுவது மேல். அதுவும் தற்காலிகம்தான்.

தண்ணி எப்போ ஊத்தணும்? கேன் தண்ணி ஊத்தலாமா?

குடிக்கிற கேன் தண்ணீர் வேண்டாம். அதில் உப்பு குறைவே தவிர, இல்லாமல் இல்லை. போர் தண்ணீர் கூடவே கூடாது. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து நிலத்தடி நீர் கெட்டுப்போன ஊர்கள் இங்கே எத்தனையோ. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும்.

சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். முன்பே நிரப்பினால் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். விதிவிலக்கு ஒன்று: தட்டு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால், தட்டு மூழ்குகிற அளவு மட்டும் முதலில் ஊற்றி, சார்ஜ் போட்டு, மீதியைப் பிறகு நிரப்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. வற்றிப்போனது தண்ணீர்தான், ஆசிட் இல்லை. அதனால் ஆசிட் வாங்கி ஊற்றாதீர்கள்.

ஹைட்ரோமீட்டர்ல எவ்வளவு காட்டணும்?

ஹைட்ரோமீட்டர் என்பது ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற கருவி. முழு சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். வெப்பமான ஊர்களுக்கென்று கொஞ்சம் குறைந்த அடர்த்தி ஆசிட் ஊற்றித் தருகிற பேட்டரிகளும் உண்டு, எனவே பேட்டரியோடு வந்த தாளைப் பாருங்கள். ஆசிட் 42 டிகிரி சூட்டில் இருந்தால் ஹைட்ரோமீட்டர் 10 புள்ளி, அதாவது 0.010 அளவுக்குக் குறைத்துக் காட்டும். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எண்ணைவிட முக்கியம், செல்லுக்குச் செல் வித்தியாசம். ஒரு பேட்டரியில் மற்ற செல்லெல்லாம் 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.200 என்றால், அந்தச் செல்லின் கதை முடிந்தது. 50 புள்ளி வித்தியாசம் வந்தாலே எச்சரிக்கை. தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள், கலக்காத தண்ணீர் மேலே நிற்கும்.

டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கு. அதனாலயா வேகம் குறையும்?

குறையும். ஒரு கணக்கு சொல்கிறேன். மேட்டில் 80 ஆம்பியர் ஓடும்போது, துரு ஏறிய ஒரே ஒரு இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தால் அங்கேயே 1.6 வோல்ட் போய்விடும். போன மின்சாரம் 128 வாட் சூடாக மாறி, கேபிள் முனையில் இருக்கும் அந்த லக்கைப் பொசுக்கும். இப்படி மூன்று இணைப்பு இருந்தால் கிட்டத்தட்ட 5 வோல்ட் காணோம். பேட்டரி நல்லது, மோட்டார் நல்லது, நடுவில் வழிப்பறி.

கண்டுபிடிக்க, மேலே சொன்ன பாரச் சோதனையையே வேறு மாதிரி செய்யுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறு முனையை அதில் மாட்டிய கேபிளின் லக்கிலும் வைத்து ஏற்றுங்கள். நல்ல இணைப்பு என்றால் கிட்டத்தட்ட சைபர் காட்டும். பேட்டரி மின்சாரத்தை மோட்டார் பக்கம் திறந்துவிடுகிற பெரிய சுவிட்சான காண்டாக்டரின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையிலும் இதே மாதிரி பாருங்கள். சாவி போட்டு மிதித்ததும் டக் என்று சத்தம் வந்துவிட்டால் காண்டாக்டர் நல்லது என்று நினைக்கிறார்கள். சத்தம் வரும், உள்ளே பாயிண்ட் கருகியிருக்கும்.

சுத்தம் செய்ய சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து பிரஷால் தேய்த்தால் போதும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போனால் ஆசிட்டைக் கெடுக்கும். காய்ந்த பிறகு இறுக்கிவிட்டு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவது கூடாது.

பேட்டரி புதுசு, கேபிளும் புதுசு. ஆனா தள்ளினாகூட வண்டி நகர மாட்டேங்குது.

அப்படியானால் மின்சாரத்தை விட்டுவிட்டு சக்கரத்துக்கு வாருங்கள். சமதளத்தில், நியூட்ரலில், ஒரு ஆள் தோள் கொடுத்துத் தள்ளினால் காலி வண்டி உருள வேண்டும். உருளவில்லை என்றால் பிரேக் ஷூ டிரம்மை உரசுகிறது, அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பி வரவில்லை. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், எது சுடுகிறதோ அது. பேரிங் போயிருந்தாலும் சுடும், கூடவே சத்தமும் வரும்.

டயர் காற்று: பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு 20 முதல் 22 பி.எஸ்.ஐ., டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் அச்சிட்டிருக்கும். காற்றுக் கம்மியாக ஓட்டுவதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

சமதளத்துல நல்லா போகுது. மேட்டுல மட்டும் நின்னு போகுது. மோட்டார் வீக்கா?

அவசரப்பட்டு மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். ஆறு பேர் ஏறிய வண்டி சுமார் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு 17 முதல் 20 ஆம்பியர் போதும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிற சாதாரண மேட்டில் அதே வேகத்தில் போக 70-க்கு மேல் வேண்டும். அதாவது நாலு மடங்கு. பலவீனமான பேட்டரியும் துருப்பிடித்த இணைப்பும் 20 ஆம்பியரில் ஒளிந்துகொள்ளும், 70-ல் அம்பலமாகும். பாறைக் குன்றுகளைச் சுற்றி வளர்ந்த இந்தப் பக்கத்தில் வளாகத்துக்குள்ளேயே இந்த அளவு மேடு சாதாரணம்.

எனவே பாரச் சோதனை, இணைப்புச் சோதனை, பிரேக். இந்த மூன்றும் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். ஆறு பேர் வண்டியில் ஒன்பது பேரை ஏற்றுகிற இடங்களில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் தேவையில்லை.

முழுசா மிதிச்சும் பாதி வேகம்தான் வருது.

முதலில் மிதியடியைத் தூக்குங்கள். சிரிக்காதீர்கள், ஆக்சிலரேட்டருக்கு அடியில் மடிந்து கிடக்கும் ரப்பர் மேட் பல மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது. அப்புறம், பெடலுக்கும் ஆக்சிலரேட்டர் பெட்டிக்கும் இடையே உள்ள கம்பி தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது 5 கிலோ ஓம் பாட், அதாவது மிதிக்க மிதிக்கத் தடை மாறுகிற பாகம். பெடலை மெதுவாக அழுத்தும்போது தடை ஒரே சீராக ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். நடுவில் குதித்தாலோ, முழுசாக மிதித்தும் பாதியில் நின்றாலோ பாட் தேய்ந்துவிட்டது. வோல்டேஜ் கொடுக்கிற சென்சார் வகை என்றால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

டேஷ்போர்டில் எகானமி, ஸ்போர்ட் என்று சுவிட்ச் இருக்கிற வண்டியில் அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கன்ட்ரோலர் சூடானா வேகத்தைக் குறைக்குமா?

குறைக்கும், அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. கர்டிஸ் கன்ட்ரோலர்களில் உள்ளே 85 டிகிரி வாக்கில் மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைக்க ஆரம்பிக்கும். வெளியிலேயே 42 டிகிரி வெயில், சீட்டுக்கு அடியில் காற்றில்லாத பெட்டி, அலுமினியத் தகட்டின் மேல் ஒரு அங்குலத் தூசி. சீக்கிரமே எட்டிவிடும்.

பேட்டரிச் சோர்வா, கன்ட்ரோலர் சூடா என்று பிரிக்க: வேகம் குறைந்த அந்த நேரத்தில் மேட்டில் வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜ் நன்றாக நின்று வேகம் மட்டும் குறைவாக இருந்தால் சூடு. வோல்டேஜும் விழுந்தால் பேட்டரி. நிழலில் அரை மணி நின்றதும் சரியாகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஓய்வு கொடுத்தால் பேட்டரியும் கொஞ்சம் தேறும்.

சார்ஜர் சீக்கிரமே பச்சை லைட் காட்டுது. நல்லதுதானே?

வழக்கமாக எட்டு மணி நேரம் எடுத்தது, அதே ஓட்டத்துக்குப் பிறகு இப்போது மூன்று மணியில் முடிகிறது என்றால் நல்லதில்லை. சுருங்கிய பேட்டரி சீக்கிரம் நிரம்பும். சார்ஜர்தான் முன்கூட்டியே நிறுத்துகிறதா என்று பார்க்க, முடிகிற நேரத்தில் மொத்த வோல்டேஜை அளங்கள். ஆசிட் பேட்டரிக்கு 58 முதல் 62 வரை போக வேண்டும்.

நடுராத்திரியில் கரண்ட் போய் வந்தால் சில சார்ஜர்கள் தானாக மீண்டும் தொடங்காது. காலையில் ஓட்டுநர் பிளக்கைப் பார்ப்பார், லைட்டைப் பார்க்க மாட்டார். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கிற நாளின் முந்தைய இரவே ஏற்றி வைத்துவிடுங்கள்.

லித்தியம் போட்டா வேகம் கூடுமா?

உச்ச வேகம் பெரிதாகக் கூடாது, அது கன்ட்ரோலரில் வைத்த எல்லை. கிடைப்பது வேறு: 51.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கடைசி வரை வோல்டேஜை இறக்காது, அதனால் காலை வேகமே மாலையிலும் இருக்கும். ஆறு ஆசிட் பேட்டரி சேர்ந்து 170 கிலோவுக்கு மேல், அதில் 100 கிலோவாவது குறையும். தண்ணீர் வேலையும் இல்லை. பழைய சார்ஜரை அப்படியே போடக்கூடாது, அதற்கென்று உள்ளதைத்தான் போட வேண்டும்.

வண்டி மேட்டில் சட்டென்று முழுசாக நின்றுபோனால், பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்கிற பாதுகாப்பு சர்க்யூட் மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். கன்ட்ரோலர் கேட்கிற ஆம்பியரைத் தர முடியாத மலிவான பேட்டரியை வாங்கினால் இது தினமும் நடக்கும். பிரேக் உரசலையும் துருப்பிடித்த கேபிளையும் லித்தியம் சரிசெய்யாது.

ஸ்பீடை 40க்கு ஏத்தி விடுங்களேன்?

மாட்டேன். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கிற தூரம் நாலு மடங்கு. பல வண்டிகளில் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக், அதுவும் கேபிளில் இழுக்கிற டிரம். கதவில்லை, ஏறுகிறவர்கள் வயதானவர்களும் நோயாளிகளும்.

திடீர்னு ஒருநாள் 5 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகவே இல்ல. எல்லாச் சோதனையும் சரி.

மோட்டாரின் பின்பக்கத்தில் வேகத்தை அளக்கிற சென்சார் இருக்கும். ஏ.சி. மோட்டார் வண்டிகளில் அதை என்கோடர் என்பார்கள். அதிலிருந்து செய்தி வரவில்லை என்றால், மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரியாமல் கன்ட்ரோலர் ஜாக்கிரதையாக ஊர்ந்து போகும். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய மறுநாள் இது வந்தால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி உலர்த்தி மாட்டிப் பாருங்கள். எலி கடித்த ஒயரும் சகஜம். கன்ட்ரோலரில் மினுக்குகிற லைட்டை எண்ணி, கையேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மோட்டாரை ரீவைண்டிங் பண்ணணும்னு கடையில சொல்றாங்க. பண்ணட்டுமா?

எதை அளந்து சொன்னார்கள் என்று கேளுங்கள். ஏ.சி. மோட்டார் என்றால் மூன்று பேஸ் ஒயர்களுக்கு இடையிலும் தடை ஒன்றுபோல இருக்க வேண்டும், எதிலிருந்தும் பாடிக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. சாதாரண மல்டிமீட்டர் இவ்வளவு சிறிய தடையைச் சரியாகக் காட்டாது என்பதால் அதற்கான மீட்டர் உள்ள கடைக்குப் போங்கள். டி.சி. மோட்டார் என்றால் ரீவைண்டிங்குக்கு முன் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். பிரஷ் தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ வண்டி வெட்டி வெட்டிப் போகும், கருகல் வாடை வரும். பிரஷ் மாற்றுகிற செலவு ரீவைண்டிங் செலவுக்குப் பக்கத்திலேயே வராது.

மோட்டார் வேலை முடிஞ்சு வந்ததுலேர்ந்து முன்னாடி போனா ஸ்லோ, ரிவர்ஸ்ல வேகமா போகுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு!

முன்னால் போகும்போது ரிவர்ஸ் பஸ்ஸர் கத்துகிறதா? கத்தினால் விஷயம் இதுதான். ஃபீல்டு ஒயர் (மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்குகிற சுருளுக்குப் போவது) தனியாக வருகிற டி.சி. மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். வண்டி எதிர்த்திசையில் ஓடியிருக்கும். அதைச் சரிசெய்ய மோட்டாருக்குப் போகாமல், முன்-பின் சுவிட்ச்சின் ஒயரை மாற்றிவிட்டார்கள். திசை சரியாகிவிட்டது. ஆனால் கன்ட்ரோலரின் கணக்கில் நீங்கள் முன்னால் போகும்போதெல்லாம் ரிவர்ஸ், ரிவர்ஸுக்கு அது வேகத்தைக் குறைத்துத்தான் கொடுக்கும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் ஒயர்களைப் பழைய இடத்துக்கு மாற்றி, மோட்டாரில் ஃபீல்டு ஒயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் திசை மறுபடி தலைகீழாகும். முதல் ஓட்டத்துக்கு முன் பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மெதுவாக மிதித்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.